ஹில்டாம்மாவின் நெற்றிக்காசு

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல, நண்பனின் நண்பனுக்கு நடந்ததும் அல்ல. எனக்கே நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். நீங்கள் எல்லோரும் அப்படி நினைத்துவிட்டால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

"எழுதித் தொலைக்காதீங்க, படிக்கிறவங்க காறித் துப்புவாங்க" என்றாள் என் மனைவி அபிநயா. துப்பட்டும். துப்புகிற மாதிரியான காரியத்தைத்தான் செய்திருக்கிறேன்.

என் பெயர் அறிவுச்செல்வன். திருவண்ணாமலை செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு விசா நீட்டிக்கிற விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டுக் கொடுப்பதுதான் முக்கியமான வேலை. வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால். மனைவி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இனியா, நான். அவ்வளவுதான் குடும்பம்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய நாணயம். அதிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் நாணயம். செம்பும் நிக்கலும் குண்டு செய்யப் போய்விட்டதால் அந்த வருடங்களில் துத்தநாகத்தில் காசு அடித்தார்கள். சாம்பல் நிறத்தில், பொலிவே இல்லாமல், தகரத் துண்டு மாதிரி இருக்கும். "ஹிட்லர் காசை எதுக்குடா சேக்குற?" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கு அந்த ஆளைப் பிடித்தெல்லாம் இல்லை. ஊரே எரிந்தபோது அந்த ஊர்க் குழந்தைகள் உள்ளங்கையில் வைத்திருந்த காசு அது. அதைத் தொட்டால் எனக்கு என்னவோ செய்யும். இப்படித்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் ஆல்பத்தில் ஒரே ஒரு உறை காலியாக இருந்தது. 1945ஆம் வருடத்துப் பத்து ஃபென்னிக், நம் பைசா மாதிரியான சில்லறைக் காசு.

அது ஹில்டாம்மாவின் பர்ஸில் இருந்தது.

ஹில்டாம்மா ஜெர்மனிக்காரர். எண்பத்தைந்து வயது. நாற்பது வருடங்களாக எங்கள் ஊரில், பாஞ்சாலை அக்கா வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். வெள்ளைப் பருத்திப் புடவை, ரப்பர் செருப்பு. முட்டி தேயும் வரை ஒரு பௌர்ணமி விடாமல் கிரிவலம் போனவர். ஒருநாள் என் கடையில் காசு கொடுக்கப் பர்ஸைத் திறந்தபோது அந்த நாணயத்தைப் பார்த்துவிட்டேன். எனக்குக் கை நமநமத்தது. விலைக்குக் கேட்டேன். மாற்றாக வேறு காசு தருகிறேன் என்றேன். கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.

அவர் பர்ஸை மூடிவிட்டார்.

"வேணாம் அறிவு. உன் வீட்ல குழந்தை இருக்கு."

அவர் தமிழ் அப்படித்தான், முன்னுக்குப் பின் சம்பந்தமில்லாமல் இருக்கும். மனமில்லாமல் ஏதோ சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

போன ஐப்பசியில் ஹில்டாம்மா தூக்கத்திலேயே இறந்துபோனார். தூதரகத்துக்கு மெயில், போலீஸ் ஸ்டேஷன் கடிதம், எல்லாவற்றுக்கும் நான்தான் அலைந்தேன். ஜெர்மனியில் அவருக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கை மகள் கார்லா. முட்டியில் ஆபரேஷன் செய்து படுத்திருந்தார். "உங்கள் ஊர் வழக்கப்படியே தகனம் செய்துவிடுங்கள், சாமான்களை மட்டும் பத்திரமாக வையுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று போனில் சொல்லிவிட்டார்.

பாஞ்சாலை அக்கா சொந்த அம்மாவுக்குச் செய்வது போலச் செய்தார். குளிப்பாட்டி, புதுப் புடவை சுற்றி, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, நெற்றி நிறைய சந்தனம் அப்பினார். நெற்றிக்காசு வைக்க வேண்டும். ஹில்டாம்மாவின் பர்ஸைத் திறந்து துழாவினார். அந்த நாணயம்தான் கையில் வந்தது.

"இங்க பாரு தம்பி. புள்ளையார் கோயில்ல போடற மாதிரி குறி போட்டிருக்குது. அந்தம்மா ஊர்லயும் இது சாமி காசுதான் போல. இத்தையே வச்சிடலாம்."

அது எந்தக் குறி என்று எனக்குத் தெரியும். அந்தக் குறியின் கீழ் எத்தனை லட்சம் பேர் செத்தார்கள் என்றும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா பதறிப்போய் எடுத்திருப்பார். நான் சொல்லவில்லை. சொன்னால் காசு எங்கே போகுமோ என்ற பயம்தான்.

அக்கா சந்தனத்தில் அதை அழுத்தி வைத்தார். வாய்க்கரிசிக்கு அரிசி எடுத்து வர உள்ளே போனார். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் நானும் ஹில்டாம்மாவும் மட்டும்.

துத்தநாகம் நெருப்பில் நிற்காது. சீக்கிரமே உருகி ஓடிவிடும். ஒரு சரித்திரப் பொருள் இப்படி அநியாயமாக அழியலாமா? நான் திருடவில்லை, காப்பாற்றுகிறேன்... இப்படியெல்லாம் மனம் வக்கீல் வேலை பார்த்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சொல்லுவார்கள். அன்று அதுதான் நடந்தது.

நகத்தால் நெம்பினேன். ஈரச் சந்தனம் விடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

ப்ச்...

வந்துவிட்டது. என் சட்டைப் பையில் இருந்த ஒரு ரூபாயை அந்தக் குழியில் வைத்தேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற கை போட்ட பழைய ஒரு ரூபாய். செத்துப்போன கிழவியின் நெற்றியில் அந்தக் கட்டைவிரல் 'சபாஷ்' சொல்வது போல நின்றது. ஆனாலும் காசைத் திரும்ப வைக்கவில்லை.

சுடுகாடு வரை நடந்தேன். அழுதேன். அந்த அழுகையும் பொய்யில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்ததும் நாணயத்தை எடுத்துப் பார்த்தேன். எழுத்துப் பள்ளங்களில் எல்லாம் சந்தனமும் குங்குமமும். நாணயம் சேர்ப்பவர்களுக்கு முதல் பாடமே, காசைக் கழுவாதே என்பதுதான். நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? அந்தச் சந்தனத்தைப் பார்க்க முடியவில்லை. குத்துவிளக்கு தேய்க்க அபிநயா ஊற வைத்திருந்த புளியை எடுத்தேன். பித்தளைக்குப் போடுகிற புளியைத் துத்தநாகத்தில் போட்டேன். பதினைந்து வருட அனுபவம்!

கிண்ணத்தில் போட்டதும் சத்தம் வந்தது.

சொர்ர்ர்...

நுரை பொங்கியது. பதறி எடுத்துத் தண்ணீரில் அலசினேன். காசு கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. அதில் பொறித்திருந்த கழுகு பாதி அரித்துப் போயிருந்தது. வருடம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. துடைத்து உறையில் போட்டு, ஆல்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இரவு சாப்பிடும்போது அபிநயா தலையைத் தூக்கினாள்.

"இன்னாங்க சத்தம் அது? எதுனா கொதிக்குதா?"

அடுப்பு அணைந்திருந்தது. எனக்கும் கேட்டது. பீரோ இருந்த அறையிலிருந்து, மெதுவாக... சொர்ர்ர்...

போய்த் திறந்தேன். சத்தம் நின்றது. அந்த ஒரு உறைக்குள் மட்டும் தண்ணீர் கோத்திருந்தது. நான் சரியாகத் துடைக்கவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இனியாவிடம்தான் மாற்றம். எப்போது பார்த்தாலும் ஒரு உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடும்போதும் அப்படியே. கண் வலியோ என்று டாக்டரிடம் காட்டினோம். ஒன்றும் இல்லை என்றார்.

"ஏன்டா செல்லம் ஒரு கண்ண மூடிக்கிற?"

"அவன் அப்படித்தான்ப்பா இருக்கான்."

"யாரு?"

பீரோ அறையைக் காட்டினாள். பிறகு இட்லியைப் பிய்க்க ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பழகிய விளையாட்டு என்று அபிநயா சொன்னாள். நானும் நம்பினேன். இல்லை, நம்ப ஆசைப்பட்டேன்.

ஹில்டாம்மாவின் அஸ்தியைப் பாஞ்சாலை அக்கா மண் கலயத்தில் போட்டு, மஞ்சள் துணி கட்டி வைத்திருந்தார். திருக்கோவிலூர் போய்த் தென்பெண்ணை ஆற்றில் கரைக்க வேண்டும், காரில் கூட்டிப் போகிறாயா என்று கேட்டார். சரி என்றேன். அதற்கு முந்தின நாள்தான் அது நடந்தது.

மாலையிலிருந்தே மழை மூட்டம். ஏழே முக்காலுக்கு மழை பிடித்தது, கரண்டும் போனது. அபிநயா மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாள். நான் கூடத்தில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தேன். இனியா எங்கே என்று யோசித்தது அப்போதுதான்.

டக்...

பீரோ அறையில் ஏதோ தரையில் விழுந்தது.

காசு. டைல்ஸ் தரையில் காசு உருளும் சத்தம் எனக்குத் தெரியாதா? உருண்டது. வட்டம் அடித்தது. எந்தக் காசும் கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழுந்துவிடும். இது விழவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இனியா..."

போன் வெளிச்சத்தைப் போட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருந்து வந்த காற்று சில்லென்று இருந்தது. மழைக் குளிர் இல்லை. நிலவறையைத் திறந்தால் வருகிற குளிர்... மண் வாசனை... அதோடு சந்தன வாசனை.

காசு நின்றது.

கட்டிலில் இனியா மல்லாந்து படுத்திருந்தாள். நேராக. அசையாமல். என் மகள் அப்படிப் படுக்க மாட்டாள். கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போட்டுத்தான் தூங்குவாள்.

வெளிச்சத்தைக் காலில் அடித்தேன்.

இரண்டு கட்டைவிரல்களும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவளுடைய சிவப்பு ரிப்பனால்.

வெளிச்சத்தை மேலே கொண்டு போனேன்.

நெற்றி நிறைய... ஈரச் சந்தனம்.

நடுவில் ஒரு காசு.

ஒரு ரூபாய். நெருப்பில் வெந்து, நீலமும் கருப்புமாக. அந்தக் கட்டைவிரல் தெரிந்தது. உயர்த்திய கட்டைவிரல்.

பாய்ந்து எடுத்தேன். சுட்டது... கை கொப்பளிக்கும் அளவுக்குச் சுட்டது. ஆனால் என் குழந்தையின் நெற்றி பனிக்கட்டியாகக் கிடந்தது.

"இனியா! அம்மாடி!"

மூச்சு தெரியவில்லை.

உலுக்கினேன்...

கண்ணைத் திறந்தாள்.

ஒரு கண்ணை மட்டும்.

"இது வேணாமாம்ப்பா... அவனோடத குடுக்கச் சொல்றான்..."

அவள் குரல்தான். ஆனால் உதடு அசையவில்லை.

அலறினேன். அபிநயா துணியோடு ஓடி வந்தாள். கரண்ட் வந்தது. இனியா இரண்டு கண்ணையும் திறந்து, "ஏம்ப்பா கத்துறீங்க?" என்று அழ ஆரம்பித்தாள். காலில் ரிப்பன் இருந்தது. நெற்றியில் சந்தனம் இருந்தது. வீட்டில் அன்று சந்தனமே இல்லை. என் கையில் இருந்த ஒரு ரூபாய் மட்டும் இல்லை. உள்ளங்கையில் கொப்புளம் இருந்தது, வட்டமாக. தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்று இரவு அபிநயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடியும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தம்மா பொருள அந்தம்மாகிட்டயே குடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஹில்டாம்மா கோபமாக இருக்கிறார், தன் காசைக் கேட்கிறார். வேறு யார் கேட்பார்கள்? இனியா 'அவன்' என்று சொன்னதை அந்தப் பதற்றத்தில் நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

மறுநாள் திருக்கோவிலூரில் பாஞ்சாலை அக்கா பூ வாங்கப் போனார். காரில் இருந்த கலயத்தின் மஞ்சள் துணியை அவிழ்த்தேன். எலும்புத் துண்டுகளுக்கு நடுவே அந்தக் கறுத்த நாணயத்தைச் செருகினேன். "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். நெஞ்சாரச் சொன்னேன். பழையபடி கட்டினேன். ஐப்பசி மழையில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. கலயத்தை அக்கா கவிழ்க்கவில்லை, அப்படியே விட்டார். கொஞ்ச தூரம் மிதந்து மூழ்கியது.

அன்று இரவு இனியா கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போட்டுத் தூங்கினாள். பீரோவில் சத்தம் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

மார்கழியில் கார்லா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் ஊன்றுகோல். பாஞ்சாலை அக்கா வீட்டில் சாமான்களை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார்.

"பர்ஸில் ஒரு பழைய நாணயம் இருந்திருக்க வேண்டும். அதை என் பெரியம்மாவின் நெற்றியில் வைத்ததாகப் பாஞ்சாலை சைகையில் காட்டினார். நீங்கள் கூடவே இருந்தீர்களாம். உண்மையா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்.

1945. ஏப்ரல். குண்டு விழுந்த தெரு. ஹில்டாம்மாவுக்கு ஏழு வயது. தம்பி ஓட்டோவுக்கு நான்கு. நிலவறையில் அந்தப் பிள்ளை செத்துப்போனான். கண் மூடவில்லை. அவர்கள் ஊரில், மூடாத கண்ணின் மேல் காசு வைக்கிற பழக்கம் உண்டாம். அம்மா இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு காசு வைத்திருக்கிறார். பசி தாங்காமல் ஹில்டாம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்க ஓடியிருக்கிறார். எந்தக் கடையும் இல்லை. திரும்பி வருவதற்குள் புதைத்துவிட்டார்கள். வலது கண் திறந்தபடி.

"அன்றிலிருந்து அவன் வந்துகொண்டே இருந்தானாம். எந்த ஊருக்குப் போனாலும். காசைக் கொடு என்று கேட்டுக்கொண்டு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அவள் தங்கவே மாட்டாள். இந்த மலையைச் சுற்றினால் விலகுவான் என்று யாரோ சொன்னார்கள், இங்கேயே இருந்துவிட்டாள். போன வருடம் போனில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். 'தம்பியின் காசு, உயிரோடு இருக்கும்போது அதைப் பிரிய எனக்கு மனம் வரவில்லை. நான் செத்ததும் அந்தக் காசைக் கொண்டுபோய் அவன் புதைகுழியில் வை. முடியாவிட்டால் நெருப்பில் போட்டு உருக்கிவிடு. என்னோடு மட்டும் அனுப்பிவிடாதே. அனுப்பினால் அவனும் என்னோடு வந்துவிடுவான். அங்கேயும் என்னை விடமாட்டான்.' அப்படிச் சொன்னாள்."

கார்லா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"துத்தநாகம்தானே? நெற்றியில் வைத்து எரித்தீர்கள் என்றால் உருகி அழிந்திருக்கும், இல்லையா? நீங்கள் நாணயம் தெரிந்தவர். சொல்லுங்கள்."

பாஞ்சாலை அக்கா விவரம் தெரியாமல் செய்தது ஹில்டாம்மாவுக்கு நல்லதாகவே முடிந்திருக்கும். நெருப்பு அதை முடித்திருக்கும். நான்தான் நெருப்பிலிருந்து அதைக் காப்பாற்றினேன். நான்தான் அதை அவர் எலும்போடு சேர்த்துக் கட்டி அனுப்பினேன்.

"ஆமாம். உருகியிருக்கும்" என்றேன்.

கார்லா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தக் கொப்புளத் தழும்பின் மேலேயே அவர் விரல் இருந்தது.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஆற்றில் தேடியிருப்பாரோ என்னவோ. வெள்ளம் வடிந்த மணலில் கிடைத்தாலும் கிடைத்திருக்கும். கிடைத்துவிடுமோ என்றுதான் பயந்தேன். அது மறுபடி இந்த ஊருக்குள் வந்தால், என் வீட்டுக் கதவு அவனுக்குத் தெரியும். ஹில்டாம்மா எனக்கு நல்லது நினைத்துத்தான் அந்தக் காசைக் கொடுக்க மறுத்தார். நான் என் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ள அவரைக் கொடுத்துவிட்டேன். இதை நினைக்காமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

கார்லாவை மாடி அறையைக் காட்டப் பாஞ்சாலை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அறை காலியாக இருந்தது. புதிதாக வந்த ஒருவர் இரண்டே நாளில் காலி செய்துவிட்டாராம். அக்கா படியிலேயே நின்றார். மேலே ஏறவில்லை.

"தம்பி, அவங்க பாஷைல ஒண்ணு கேட்டுச் சொல்லு. பொழுது சாஞ்சா மேல அந்தம்மா கொரல் கேக்குது. அழுவுறாங்க. ஒரே வார்த்தைய திருப்பித் திருப்பிச் சொல்றாங்க."

அந்த வார்த்தையை அக்கா தனக்கு வந்த மாதிரி சொல்லிக் காட்டினார். கார்லாவின் ஊன்றுகோல் கையிலிருந்து நழுவியது.

"'என்னை விட்டுவிடு' என்று அர்த்தம்" என்றார்.

நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ... யாரைச் சொல்றாங்க? செத்தப்பகூட அந்தம்மா மூஞ்சி அமைதியாத்தானே இருந்துது! எரிச்ச பொறவுகூட ஒரு சத்தமும் இல்ல தம்பி. நாம ஆத்துக்குப் போயிட்டு வந்தோமே, அன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்துதான்."

கார்லா என் பக்கம் திரும்பி, அக்கா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.